கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்

மலை முகாம்,
மார்ச் 6

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கவனிக்க வேண்டும் என்றுதான் எழுதவில்லை.

போனில் பேசுவதாக இல்லை. இந்த மலையில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். அங்கே நின்று உங்களிடம் கத்தினால் முகாமில் உள்ள அத்தனை பேரும் கேட்பார்கள். அதனால் கடிதம். சரக்கு வேனில் இறங்கும் ஹார்ட் டிஸ்க்கின் உறைக்குள்ளேயே இதையும் வைத்து அனுப்புகிறேன்.

என் பூட்டை உடைத்தது நீங்கள்தானே?

ரோப்கார் கேபினின் தரையை வலுப்படுத்தும் வேலை என்னுடையது. முறைப்படி டேட்டாபேஸிலிருந்து கேபினின் வரைபடத்தை எடுத்தேன், பூட்டுப் போட்டேன், டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தேன். 'இது வாண்டுவிடம் இருக்கிறது, வேறு யாரும் கை வைக்காதீர்கள்' என்பதுதானே அந்தப் பூட்டுக்கு அர்த்தம்? டேட்டாபேஸை எழுதியதும் நீங்கள், டிசைன் பிரிவு முழுவதையும் உட்கார வைத்து அந்தப் பூட்டின் பெருமையைப் பாடம் எடுத்ததும் நீங்கள். இப்போது வேலையை முடித்து டிஸ்க்கைக் கீழே அனுப்பினால், 'பூட்டு நீக்கப்பட்டது, மாற்றங்கள் ஏற்கப்படவில்லை' என்று வருகிறது. நீக்கியவர் யார் என்று பார்த்தால் என் சொந்த அண்ணி. வீட்டிலும் அண்ணி, ஆபீஸிலும் அண்ணி என்றிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். நன்றாகத்தான் இருக்கிறது சௌகரியம்.

இது ஆபீஸ் விஷயம். வீட்டு விஷயம் இதைவிட மோசம். ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று அவரை அழைத்துப்போக யாரும் வரவில்லை. ஒரு கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். கடைசியில் பக்கத்துக் கட்டில்காரரின் மகள் பாவப்பட்டுத் தன் காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். அன்று காலையில் அப்பாவிடம் போனில் கேட்டேன், "அண்ணி வர்றாங்களாப்பா?" என்று. "வர்றதாத்தாம்மா சொன்னா" என்றார். அதை நம்பித்தான் நான் கிளம்பாமல் நின்றேன். வருவதாக அவரிடம் சொல்லிவிட்டு நீங்கள் ஏன் வரவில்லை? அண்ணன் வழக்கம்போல வெளியூர், அவரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. உங்களைக் கேட்கிறேன்.

வாண்டு


தலைமை அலுவலகம்,
மார்ச் 9

அன்புள்ள வாண்டு,

நான் 'அன்புள்ள' போட்டிருக்கிறேன். மூத்தவள், எனக்கு அது கட்டுப்படியாகும்.

முதலில் உன் வேலை எங்கும் போய்விடவில்லை. தனி நகலாக எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் தரையைக் கேபினோடு சேர்த்துவிடுவேன். இதைப் படித்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, மறுபடியும் கோபத்தைத் தொடரலாம்.

இப்போது பூட்டு. நீ மாற்ற வேண்டியது தரையை மட்டும். நீ எடுத்துப் பூட்டியது கேபின் முழுவதையும். கேபின் என்பது ஒற்றைப் படமா என்ன? அதற்குள் கதவு, கதவுக்குள் கீல், தாழ்ப்பாள், கூரைக்குள் விளக்கு, விளக்குக்குள் வயர் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிறது. வெளியே இருப்பதைப் பூட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், உனக்கு இதே பழக்கம். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தால், பல் தேய்க்க வந்தவர்கூட வாசலில் நிற்க வேண்டும்.

வங்கிக் கம்ப்யூட்டரிலும் இதே மாதிரி பூட்டுதான் போடுகிறார்கள். ஆனால் அங்கே ஒரு வேலை கண் இமைப்பதற்குள் முடிந்து பூட்டு திறந்துவிடும். அடுத்தவருக்குத் தாம் காத்திருந்ததே தெரியாது. நம் வேலை அப்படியா? ஒரு கதவை எடுத்தால் வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு யோசிக்கிறீர்கள். போதாததற்கு மலைப்பாதையில் மண் சரிந்து வேன் நின்றுவிட்டது. டிஸ்க் எங்கே, எப்போது வரும், யாருக்கும் தெரியவில்லை. மின்சாரப் பிரிவில் இருக்கிறாரே நம் கரண்ட்காரர், அவர் தினமும் என் மேஜைக்கு வந்து, "உங்க நாத்தனார் எப்பம்மா வெளிய வருவாங்க?" என்று கேட்டார். அவருக்குக் கேபினில் ஒரே ஒரு விளக்கை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். உடைத்தேன். மறுபடியும் அப்படி நடந்தால் மறுபடியும் உடைப்பேன்.

மாமா விஷயத்தில் நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அன்று காலை நானும்தான் அவரிடம் போனில் கேட்டேன். "வாண்டு வர்றாளா மாமா?" "வரேன்னுட்டா" என்றார். முதல் நாள் ராத்திரி நீயே அவரிடம் வருவதாகச் சொன்னாயாம். அதை நம்பித்தான் நான் ஆபீஸுக்குப் போனேன், உன் பூட்டால் வந்த ரகளையைத் தீர்க்க. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதது யார் என்று நீயே யோசித்துப் பார்.

அண்ணி


மலை முகாம்,
மார்ச் 14

அண்ணிக்கு,

தரையைச் சேர்த்துக்கொடுத்ததற்கு நன்றி. சரியாக இருக்கிறது.

அப்பாவைப் பற்றி இனி எழுத மாட்டேன். நான் அன்று வரப்போவதில்லை என்று முடிவெடுத்த பிறகும் நான் வருவதாக அவர் உங்களிடம் சொன்னார் என்கிறீர்கள். அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் போய் இதையெல்லாம் விசாரிக்கவும் எனக்கு மனமில்லை. 'என்னால நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க' என்று ஆரம்பித்துவிடுவார், அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

குளியலறையைப் பற்றி எழுதியது அனாவசியம். நான் பாடுவது உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறீர்கள்.

எடையைக் குறையுங்கள் என்று மேனேஜரிடமிருந்து எல்லாப் பிரிவுகளுக்கும் உத்தரவு வந்திருக்கிறது. என் தரையால் கேபின் கனத்துவிட்டதாம். எனக்குக் கதவைக் கொடுத்திருக்கிறார்கள். பூட்டினால் உடைப்பீர்கள், பூட்டாவிட்டால் இரண்டு பேர் ஒரே இடத்தில் கை வைப்போம். எப்படி எடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்பாவுக்குப் போடும் சொட்டு மருந்தை யாராவது ஞாபகப்படுத்துகிறார்களா? உங்களைக் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்கிறேன்.

வாண்டு


தலைமை அலுவலகம்,
மார்ச் 20

அன்புள்ள வாண்டு,

பொதுவாகக் கேட்டதற்குப் பொதுவாகப் பதில். தினமும் காலையும் மாலையும் ஒருத்தி போன் செய்து ஞாபகப்படுத்துகிறாள். யாரென்று சொல்ல மாட்டேன்.

இனிமேல் பூட்டு கிடையாது. புதிய முறை வந்துவிட்டது, இரவு பகலாக உட்கார்ந்து எழுதினேன். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொண்டு போகலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். யாரும் யாருக்காகவும் வாசலில் நிற்க வேண்டாம். திருப்பி வைக்கும்போது டேட்டாபேஸ் இரண்டு விஷயம் பார்க்கும். நீ மாற்றிய அதே பாகத்தை இடையில் வேறு யாராவது மாற்றியிருக்கிறார்களா? இல்லை என்றால் முதல் சோதனை தேறியது. இரண்டாவது, நீ கொண்டுவந்த நகல் விதிகளுக்குப் பொருந்துகிறதா? விதிகள் உனக்குத் தெரிந்தவைதான். தரை இத்தனை பாரம் தாங்க வேண்டும், கதவைப் பூட்டி வைக்கத் தாழ்ப்பாள், மின்பூட்டு இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும், இந்த மாதிரி. இரண்டும் சரியென்றால் உள்ளே போய்விடும்.

கரண்ட்காரருக்கு ஒரே சந்தோஷம். எனக்குச் சாக்லேட் வாங்கிக் கொடுத்தார். உன் பங்கை எடுத்து வைத்திருந்தேன். பிறகு உன் கடைசிக் கடிதத்தை மறுபடி படித்துவிட்டு நானே சாப்பிட்டுவிட்டேன்.

அப்பா பொய் சொல்கிறவர் இல்லை என்று எழுதியிருந்தாய். அதாவது நான் பொய் சொல்கிறவள். பரவாயில்லை, எழுத்தில் இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். மாமாவுக்கு அடுத்த கண்ணை மே மாதம் செய்கிறார்கள். இந்தத் தடவை யாரையும் கேட்காமல் நானே போய்விடப்போகிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் சரி.

அண்ணி


மலை முகாம்,
ஏப்ரல் 11

அண்ணி,

இதை எழுதும்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேனேஜர் விசாரணையை ஆரம்பிப்பதற்கு முன்னால் இதை நீங்கள் பார்க்க வேண்டும்.

இன்று மாதிரிக் கேபின் தொழிற்சாலையிலிருந்து வந்து சேர்ந்தது. லாரியிலிருந்து இறக்கி மேடையில் வைத்தோம். மஞ்சள் வண்ணம், பார்க்க அவ்வளவு அழகு. நாளைக்கு அதைக் கம்பியில் தொங்கவிட்டு, மறுநாள் எங்கள் ஆட்கள் நான்கு பேர் ஏறிப் பள்ளத்தாக்கைத் தாண்டுவதாகத் திட்டம். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. உள்ளே ஏறி நின்றேன். கதவை இழுத்துச் சாத்தினேன். கேபினின் மேல் யாரோ சாய்ந்தார்கள், லேசாக ஆடியது. கதவு தானாகத் திறந்துகொண்டு போய்விட்டது.

திரும்பச் சாத்தினேன், திரும்பத் திறந்தது. தாழ்ப்பாளைத் தேடினேன். தாழ்ப்பாள் இல்லை. அது எனக்குத் தெரியும், எடையைக் குறைக்க அதை எடுத்ததே நான்தான். மின்பூட்டு இருக்கிறதே, அது போதுமே என்றுதான் எடுத்தேன். அந்த மின்பூட்டைத் தேடினேன். அதுவும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று தகடு.

பொருத்த வந்த ஃபிட்டரிடம் கத்தினேன். அவர் அமைதியாக டிராயிங்கை விரித்துக் காட்டினார். "இதுல எதுவுமே இல்லீங்களே மேடம். ஏதோ புது டிசைன், மேடம் யோசிச்சுத்தான் பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சோம்" என்றார். தரையில் நின்றதால் பிழைத்தோம். பள்ளத்தாக்குக்கு மேலே இது நடந்திருந்தால்?

அண்ணி, என் நகலில் மின்பூட்டு இருந்தது. சத்தியமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். உங்கள் விதியும் சரி என்று சொல்லி என்னை உள்ளே விட்டது. பிறகு மின்பூட்டை எடுத்தது யார்? மறுபடியும் நீங்கள் எதையாவது உடைத்தீர்களா? யாரோ ஒருவரைப் பிடித்தே ஆக வேண்டும், பிடித்து இந்த வேலையிலிருந்தே தூக்கப்போகிறேன் என்று மேனேஜர் முகாம் முழுவதும் கேட்கிற மாதிரி போனில் சத்தம் போட்டார். தாழ்ப்பாளை எடுத்தவள் என்று இப்போதைக்கு என் பெயர்தான் இருக்கிறது.

வேனை நிறுத்தி வைத்து எழுதுகிறேன். டிரைவர் ஹார்ன் அடிக்கிறார்.

வாண்டு


தலைமை அலுவலகம்,
ஏப்ரல் 14

அன்புள்ள வாண்டு,

உனக்கு ஒன்றும் ஆகவில்லையே. அதை முதலில் எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன். அந்தக் கேபினில் நீ ஏறுவதாக இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சண்டையாவது மண்ணாவது.

டேட்டாபேஸில் நடந்தது அத்தனையையும் அலசிவிட்டேன். மின்பூட்டை எடுத்தது கரண்ட்காரர். அவருக்கும் அதே எடை உத்தரவு. நீ நகல் எடுத்த அதே வாரம் அவரும் கதவை நகல் எடுத்திருக்கிறார். அவர் நகலில் உன் தாழ்ப்பாள் ஜம்மென்று இருந்தது. 'தாழ்ப்பாள்தான் இருக்கிறதே, மின்பூட்டு எதற்கு' என்று எடுத்தார். உன் நகலில் அவர் மின்பூட்டு இருந்தது. 'மின்பூட்டுதான் இருக்கிறதே, தாழ்ப்பாள் எதற்கு' என்று நீ எடுத்தாய்.

திருப்பி வைக்க வந்தபோது என் அருமையான புதிய முறை என்ன செய்தது பார். நீ தொட்டது தாழ்ப்பாளை, அவர் தொட்டது மின்பூட்டை. ஒரே பாகத்தில் இருவரும் கை வைக்கவில்லை, அதனால் மோதல் இல்லை. இருவர் நகலிலும் இரண்டில் ஒன்று இருந்தது, அதனால் விதி மீறல் இல்லை. இருவரையும் வாங்க வாங்க என்று உள்ளே விட்டுவிட்டது. இருவர் செய்ததையும் சேர்த்து வைத்துப் பார்க்க அதற்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி, சேர்த்து வைத்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது.

கரண்ட்காரரிடம் காட்டினேன். "அந்தம்மா தாழ்ப்பாளை நம்பித்தாம்மா நான் எடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவமாக இருந்தது. நீ எழுதியதும் அதேதான், ஆளை மாற்றினால் போதும்.

மேனேஜர் அறைக்குப் போய் யாரையும் தூக்க முடியாது என்று சொன்னேன். "அப்ப யாரு தப்பு?" என்றார். "ரெண்டு பேரும் பார்த்தப்ப பார்த்தது உண்மை சார். பார்த்ததுக்கப்புறம் அது மாறினதை அவங்களுக்குச் சொல்ல வேண்டியது டேட்டாபேஸ். அது என் வேலை" என்றேன். "அப்ப சரி பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான். உன் பெயர் எங்கும் இல்லை. நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கு.

அண்ணி


மலை முகாம்,
ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணி,

வேன் வரும் சத்தம் கேட்டதுமே பாதி வழி ஓடிப்போய் உறையை வாங்கினேன். என் பெயர் எங்கும் இல்லை என்ற வரியைப் படித்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாறையின் மேல் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டு, ஆரம்பத்திலிருந்து மறுபடி படித்தேன்.

இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 'நீ எழுதியதும் அதேதான், ஆளை மாற்றினால் போதும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். இதை எங்கேயோ முன்னால் படித்திருக்கிறோமே என்று தோன்றியது. உங்கள் மார்ச் கடிதத்தைத் தேடி எடுத்தேன். 'அதை நம்பித்தான் நான் ஆபீஸுக்குப் போனேன்.' என் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று எனக்கு மனப்பாடம். 'அதை நம்பித்தான் நான் கிளம்பாமல் நின்றேன்.'

அண்ணி, நாம்தான் அந்தத் தாழ்ப்பாளும் மின்பூட்டும்.

நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டேன். விசாரிக்க மாட்டேன் என்ற வீம்பெல்லாம் போய்விட்டது. அன்று காலை யார் முதலில் கேட்டது, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் ஞாபகம் வைத்திருந்தார். முதல் நாள் ராத்திரி நாம் இருவருமே வருகிறேன் என்றிருக்கிறோம். காலையில் நான் கேட்டபோது நீங்கள் வருவதாகச் சொல்லியிருந்தது உண்மை. பிறகு நீங்கள் கேட்டபோது நான் வருவதாகச் சொல்லியிருந்ததும் அவருக்குத் தெரிந்த வரை உண்மை. ஏனென்றால் நான் வரப்போவதில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை! நீங்கள்தான் வருகிறீர்களே, அவரை எதற்கு வீணாகக் கவலைப்படுத்துவது என்று போனை வைத்துவிட்டு மனசுக்குள்ளேயே ரத்து செய்துகொண்டேன். நீங்களும் அப்படித்தானே? அப்படித்தான் இருக்க வேண்டும். அப்பா பொய் சொல்கிறவர் இல்லை, நீங்களும் இல்லை. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இன்னும் கேளுங்கள். காரில் கொண்டுபோய் விட்ட அந்தப் பெண் வழியில் அப்பாவைக் கேட்டாளாம், "உங்களுக்கு யாருமே இல்லையா அங்கிள்?" என்று. அப்பா சொல்லியிருக்கிறார்: "ரெண்டு பேர் இருக்காங்கம்மா. அதான் யாரும் வரலை."

நீங்கள் ராப்பகலாக உட்கார்ந்து கண்டுபிடித்ததை அவர் ஒற்றைக் கண்ணோடு கண்டுபிடித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்பா இதை எங்ககிட்ட சொல்லலை?" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட பேசினீங்க, சொட்டு மருந்து போட்டீங்களான்னு கேட்டீங்க. ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் கேட்கவே இல்லையேம்மா" என்றார்.

இரண்டாவது கண்ணுக்கு நானும் வருகிறேன். நீங்கள் வந்தாலும் வருகிறேன்.

வாண்டு


தலைமை அலுவலகம்,
ஏப்ரல் 21

அன்புள்ள வாண்டு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தது தப்பு. மாமா சொன்னதைப் படித்துவிட்டு நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் கரண்ட்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆமாம், நானும் அப்படித்தான் செய்தேன். போனை வைத்துவிட்டு, 'வாண்டு போறா, நல்லதாப் போச்சு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பினேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ வண்டி ஏறியிருப்பாய். இத்தனை நாள் உன் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அது இருந்த இடம் இப்போது காலியாக, லேசாக இருக்கிறது.

அந்த வரியைக் கிழிக்க மாட்டேன். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்ட வேண்டும்.

டேட்டாபேஸைச் சரி செய்த விதத்தைச் சொல்கிறேன், இதில் உன் கடிதத்துக்கும் பங்கு உண்டு. மறுபடி எல்லாவற்றையும் பூட்டலாம் என்று மேனேஜர் சொன்னார். மறுபடி குளியலறை வாசலில் வரிசையா, வேண்டவே வேண்டாம் என்றேன். இதுவரை ஒருவர் எதை மாற்றினார் என்பதை மட்டும் டேட்டாபேஸ் குறித்து வைத்தது. இனிமேல் எதை நம்பி மாற்றினார் என்பதையும் குறிக்கும். நீ தாழ்ப்பாளை எடுக்கும்போது மின்பூட்டைப் பார்த்தாய் அல்லவா? அதன் மேல் 'வாண்டு இதை நம்பியிருக்கிறாள்' என்று ஓர் அடையாளம் விழும். யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள். ஆனால் திருப்பி வைக்க வரும்போது, நீ நம்பியிருந்தது இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் உன்னை உள்ளே விடாது. அதை எடுத்தவர் பெயரைச் சொல்லி, போய்ப் பேசிவிட்டு வா என்று அனுப்பிவிடும்.

திரையில் வரும் வாசகத்தை நானே எழுதினேன்: 'நீங்கள் நம்பியிருந்தது இப்போது இல்லை. கேட்டுவிட்டு வாருங்கள்.' கொஞ்சம் ஆபீஸ் பாஷையில் எழுதக் கூடாதா என்றார் மேனேஜர். முடியாது என்றுவிட்டேன்.

கதவில் இரண்டுமே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. எடையை வேறெங்காவது குறைத்துக்கொள்ளட்டும்.

மே மாதம் நானும் வருகிறேன். இதை மாமாவிடம் சொல்லி அனுப்பவில்லை, உன்னிடமே சொல்கிறேன். நீ வருவதை நம்பி நான் வராமல் இருக்க மாட்டேன். அப்படி ஏதாவது ஆனால் உனக்குத்தான் முதலில் போன் வரும், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே நில்.

அண்ணி


மலை முகாம்,
மே 12

அன்புள்ள அண்ணி,

மேலே வந்து சேர்ந்துவிட்டேன். வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்ததில் வேன் டிரைவர் பயந்துபோய் இரண்டு தடவை, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே மேடம்?" என்று கேட்டார். அப்பாவை அழைத்துவந்தபோது நீங்களும் கூடவே இருந்தீர்கள், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நாம் இருவரும் ஆளுக்கொரு டாக்சியோடு நின்றபோதே அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "ஒரு கண்ணுக்கு ஒருத்தர்னு வந்துட்டீங்களா?" என்றார். அவர் பையை நீங்களும் நானும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கினோம். மருந்துச் சீட்டை இருவருமே வாங்கி, இருவருமே மருந்து வாங்கி, வீட்டில் இப்போது வருஷத்துக்கு வேண்டிய சொட்டு மருந்து இருக்கிறது. எவ்வளவு ஜாக்கிரதை! இனி எந்தத் தப்பும் நடக்காது என்று எவ்வளவு பெருமையாக வீட்டு வாசலில் போய் இறங்கினோம்!

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன்.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு அண்ணி?"

"எனக்கெதுக்குடி சாவி, உங்க வீடு, நீ கொண்டு வருவேன்னு..."

கறுப்புக் கண்ணாடி போட்ட மனுஷரை வெயிலில் நிற்க வைத்துவிட்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் நாம் போட்ட சண்டையைப் பார்க்கப் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. "நம்பினதைச் சொல்லணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீங்களே" என்று நான், "நீயாவது கேட்டியா" என்று நீங்கள். அப்புறம் அப்பா நிதானமாகச் சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாரே. அவர் துவாரத்தைத் தடவாமல் நேராகச் சாவியை நுழைத்துத் திறந்ததைக் கவனித்தீர்களா? இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது, அண்ணி. எனக்கு அது போதும்.

இன்று காலையில் கேபினை ஓட்டினோம். நான் உள்ளே இருந்தேன். முதலில் தாழ்ப்பாள் விழுந்தது, அடுத்து மின்பூட்டு. ஒன்று 'டக்', ஒன்று 'டிக்'. பள்ளத்தாக்குக்கு நடுவில் காற்று வந்து ஆட்டியது. கதவு அசையவே இல்லை. அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை நான் பாடிக்கொண்டே போனேன். இந்தத் தடவை வாசலில் யாரும் காத்திருக்கவில்லை.

வாண்டு


தலைமை அலுவலகம்,
மே 15

அன்புள்ள வாண்டு,

நீ பாடினால் எனக்கு இப்போதும் பிடிக்கும். குளியலறைக்கு வெளியே பாடினால் இன்னும் பிடிக்கும்.

நீ கிளம்பிய பிறகு நான் ஒரு நாள் கூடுதலாக மாமாவோடு இருந்தேன் அல்லவா? எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, நாம் வாசலில் இறங்கிய நிமிஷத்திலிருந்தே அது அவருக்குத் தெரியும். பிறகு ஏன் அவ்வளவு நேரம் வெயிலில் பேசாமல் நின்றார்? சாயங்காலம் மருந்து போட்டுவிடும்போது கேட்டேன்.

"ஏன் மாமா, சாவி இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "சொல்லியிருக்கலாம்மா. ஆனா இந்த ரெண்டு மாசமா ரெண்டு பேரும் தனித்தனியாக் கோபமா இருந்தீங்க. அன்னிக்குத்தான் ஒரே இடத்துல நின்னு சண்டை போட்டீங்க. கேக்க நல்லா இருந்துச்சு, கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு நின்னேன்."

அடுத்த மாதம் உன் ரோப்காரில் ஏற அவரை அழைத்து வருகிறேன். சாவி என்னிடம் இருக்கும். உன்னிடமும் ஒன்று இருக்கட்டும்.

அண்ணி